மில்தோர்ப் முனிவர் எட்வர்டு கார்ப்பெண்டர்

வீரர் வரலாற்றைப் படிக்கிறோம். விஞ்ஞானிகள் வரலாற்றைப் படிக்கிறோம். நாட்டுக்கு உழைத்த தலைவர்களின் வரலாற்றையும் படிக்கிறோம். போர்க்களத்தில் காட்டும் துணிவு ஒருவகை. தன் வீட்டு வாசலில், தன் நண்பர் நடுவில், தன் பெயரைக் கெடுக்கக்கூடிய உண்மையைச் சொல்வதா, சொல்லாது விடுவதா என்று ஒருவன் தனக்குள் நடத்தும் போராட்டத்திற்கு வேண்டிய துணிவு மற்றொரு வகை. அந்த இரண்டாவது துணிவுக்கு எடுத்துக்காட்டாக நின்றவர் ஆங்கில அறிஞர் எட்வர்டு கார்ப்பெண்டர்.

காந்தியடிகள் 1909இல் எழுதிய இந்திய சுயராஜ்யம் என்ற நூலின் இறுதியில், படிக்க வேண்டிய நூல்கள் என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறார். அதில் கார்ப்பெண்டர் எழுதிய நாகரிகம், அதன் காரணமும் மருந்தும் என்ற நூலும் இடம் பெற்றிருக்கிறது. காந்தியடிகளின் வாயிலாக அவரை அறிந்தவர்கள் உண்டு. ஆனால் அவர் ஆணை விரும்பும் ஆண் என்பதும், அதை மறைக்காமல் ஒரு துணைவரோடு முப்பது ஆண்டு குடும்பம் நடத்தினார் என்பதும், அந்த வாழ்வுக்குள் தமிழர் ஒருவரின் நட்பும் தமிழ் ஞானி ஒருவரின் உபதேசமும் கலந்திருக்கின்றன என்பதும் நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

இளமையும் கல்வியும்

1844ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், இங்கிலாந்தின் தென் கடற்கரையில் பிரைட்டன் நகரை அடுத்த ஹோவ் என்ற ஊரில் கார்ப்பெண்டர் பிறந்தார். செல்வக் குடும்பம். தந்தையார் கடற்படையில் பணி செய்து, பின்பு சட்டம் பயின்றவர். பங்குகளில் இட்ட பணத்தின் வருவாயில் குடும்பம் நடந்தது. உடன்பிறந்த பெண்கள் பலர். செய்வதற்கு ஒன்றுமின்றிப் பியானோ வாசித்தும் விருந்தினரை வரவேற்றும் அவர்களுடைய நாட்கள் கழிந்ததைச் சிறுவன் கண்டான். வெளிமினுக்குக்காக உள்ளத்தை அடக்கிவைக்கும் வாழ்வின் மேல் அவருக்கு வெறுப்பு விழுந்தது அங்கேதான்.

1864இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி ஹால் கல்லூரியில் சேர்ந்தார். 1868இல் கணிதத் தேர்வில் ராங்ளர் வரிசையில் பத்தாம் இடம் பெற்றார். கல்லூரியிலேயே பெல்லோப் பதவி கிடைத்தது. ஆங்கிலத் திருச்சபையில் துணைக் குருவாகவும் அமர்ந்தார். வயது முப்பதை எட்டுவதற்குள் பதவியும் மதிப்பும் வருவாயும் கைக்கு வந்துவிட்டன. பார்த்தவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவர் என்று சொல்லியிருப்பார்கள்.

ஆனால் உள்ளே அமைதியில்லை. சிறுவயது முதலே தம் உள்ளம் பெண்களை நாடவில்லை, ஆண்களையே நாடுகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதற்கு அந்த நாட்டில் அப்போது பொதுவழக்கில் ஒரு நல்ல பெயர்கூட இல்லை. இருந்தவை வசைச் சொற்களும் சட்டப் பிரிவுகளுமே. ஆணோடு ஆண் கூடினால் தூக்குத் தண்டனை என்ற சட்டம் 1861 வரையில் இங்கிலாந்தில் இருந்தது. அதன் பின் அது சிறைத் தண்டனையாக மாறியது. இதைப் பேசத் தாய் தந்தையரிடமும் இடமில்லை, திருச்சபையிலும் இடமில்லை. கல்லூரி நண்பர் ஒருவரிடம் கொண்ட ஆழ்ந்த அன்பும் முறிவில் முடிந்தது.

இங்கே ஒரு தற்செயலை நினைத்துப் பார்க்கலாம். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், கார்ப்பெண்டருக்கு 23 வயது நிறைந்த அதே நாளில், ஜெர்மனியின் மூனிக் நகரில் சட்ட அறிஞர்களின் மாநாடு ஒன்று நடந்தது. கார்ல் உல்ரிக்ஸ் என்ற வழக்கறிஞர் எழுந்து, ஆணை விரும்பும் ஆண்களைத் தண்டிக்கும் சட்டம் நீங்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார். அவரும் அத்தகையவரே. கூச்சல் எழுந்தது, பேச்சை முடிக்க அவரை விடவில்லை. கூச்சல் அவர் குரலை அடக்கியது, கருத்தை அடக்கவில்லை. பிற்காலத்தில் கார்ப்பெண்டர் எழுதிய நூல்களில் உல்ரிக்ஸின் கருத்து மீண்டும் தலையெடுத்தது.

முதற் படி

ஒரு மனிதன் தன்னைப் பற்றிய உண்மையை முதலில் யாரிடம் சொல்கிறான்? தன்னிடமே சொல்லிக்கொள்கிறான். பல பேருக்கு அதுவே எல்லாவற்றிலும் கடினமான படி.

கார்ப்பெண்டருக்கு அந்தப் படியில் கைகொடுத்தது ஒரு புத்தகம். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைத் தொகுப்பு ஒன்று 1868இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. தோழமை என்ற உணர்வை, ஆணுக்கு ஆண் கொள்ளும் பேரன்பை, வெட்கமின்றிப் பாடிய கவிதைகள் அதில் இருந்தன. படித்தவர் திகைத்தார். கடலுக்கு அப்பால் தம்மைப் போல் ஒருவர் இருக்கிறார் என்று கண்டார். தனிமையில் வாடுபவனுக்கு ஒரு நூல் செய்யும் உதவி இது.

1874இல் அவர் இரண்டு செயல்கள் செய்தார். குருப் பதவியைத் துறந்தார். விட்மனுக்குத் தம் உள்ளத்தைத் திறந்து நீண்ட கடிதம் எழுதினார். தம் இயல்பை முதன்முதலாக அவர் கோடிகாட்டியது, நேரில் காணாத, கண்டிக்கமாட்டார் என்று நம்பத்தக்க ஒருவரிடம். 1877இல் அமெரிக்கா சென்று அவரை நேரில் கண்டார். 1884இல் மறுமுறையும் சென்றார்.

பதவி துறந்தவர் பிழைப்பதற்கு வழி? கல்லூரிக்கு வர இயலாத மக்களுக்கு அவர்கள் ஊருக்கே சென்று பாடம் சொல்லும் விரிவுரைத் திட்டம் ஒன்றைக் கேம்பிரிட்ஜ் அப்போது தொடங்கியிருந்தது. அதில் ஆசிரியராகி, வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் வானநூல் முதலிய பாடங்களை நடத்தினார். ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலாளர்களோடு பழகினார். புல்லரிவாள் செய்யும் தொழிலாளி ஒருவருடைய குடும்பத்தோடு ஒன்றாகக் குடியிருந்தார்.

1882இல் தந்தையார் மறைந்தார். பெருந்தொகை பங்காக வந்தது. அதைக் கொண்டு ஷெபீல்டுக்கு அருகில், டெர்பிஷயரில் மில்தோர்ப் என்ற சிற்றூரில் நிலம் வாங்கி, 1883இல் வீடு கட்டினார். காய்கறியும் பழமும் பயிரிட்டுச் சந்தையில் விற்றார். புலால் உண்பதை விட்டார். இந்தியாவில் இருந்த நண்பர் ஒருவர் காஷ்மீரத்துச் செருப்பு ஒரு சோடி அனுப்பினார். அதை மாதிரியாக வைத்துத் தாமே செருப்புத் தைத்து விற்கவும் தொடங்கினார். காலை நெருக்கும் சப்பாத்து காலுக்குச் சவப்பெட்டி என்பது அவர் கருத்து. உடலை நெருக்கும் உடை, உள்ளத்தை நெருக்கும் ஒழுங்கு, ஏழையை நெருக்கும் பொருளாதாரம் எல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்று அவர் கருதினார். சமதர்ம இயக்கத்தில் சேர்ந்து உழைத்தார்.

நேர்மையோடு ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய துணிவுக்கு அடியில் தந்தை வைத்துப்போன பணம் இருந்தது. வேலையிலிருந்து நீக்க அவருக்கு மேலதிகாரி இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரர் இல்லை. உண்மை பேசுவதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது. காலூன்ற இடமும் வேண்டும். அந்த இடத்தை உண்டாக்கிக்கொண்ட பிறகே அவர் அடுத்த படியில் கால் வைத்தார்.

தமிழ் நட்பு

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் பொன்னம்பலம் அருணாசலம். கொழும்பிலிருந்து வந்து கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்ற தமிழர். 1875இல் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்து, பின்னாளில் சர் பட்டம் பெற்று, 1919இல் இலங்கை தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அதே அருணாசலம்தான். அவர் அளித்த பகவத் கீதை கார்ப்பெண்டரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1883இல் வெளியான குடியாட்சியை நோக்கி என்ற அவருடைய வசன கவிதை நூலில், விட்மனின் குரலோடு கீதையின் சாயலும் கலந்திருக்கிறது.

1890இல் கார்ப்பெண்டர் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அருணாசலம் அப்போது குருநாகலில் நீதிபதி. அங்கே இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் அவரை அழைத்துச் சென்றார். இலக்கணத்தில் வல்லவராதலால் இலக்கணம் இராமசாமி என்று வழங்கப்பெற்றவர். தில்லைநாத சுவாமியின் மாணாக்கர். ஞானி தமிழில் சொல்வார். அருணாசலம் ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் கீழே அமர்ந்து கேட்பார். பல வாரங்கள் இவ்வாறு கழிந்தன. ஓயாது ஓடும் எண்ணத்தை நிறுத்தப் பழகுவதும், தான் பிறர் என்ற வேற்றுமையை விடுவதுமே உபதேசத்தின் சாரம். பிறகு இந்தியாவுக்கும் வந்து தென்னாட்டுக் கோயில்களைக் கண்டார். இந்தப் பயணத்தை 1892இல் நூலாக்கினார். அதில் ஞானியைச் சந்தித்த பகுதி பின்னர்த் தனி நூலாகவும் வந்தது.

பிறருடைய ஏச்சும் பேச்சும் சுழன்றடிக்கும்போது உள்ளத்தின் நடுவில் ஓர் அசையாத இடத்தைத் தேடிக்கொள்ளும் பயிற்சி இது. அடுத்த பத்தாண்டில் அவருக்கு அது மிகவும் வேண்டியிருந்தது.

புயல்

அவர் மில்தோர்ப்பில் வீடு கட்டிய இரண்டு ஆண்டுகளில், 1885இல், ஆண்களுக்கிடையே நடக்கும் எந்த நெருக்கத்தையும், அது மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தாலும், இரண்டாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கும் பிரிவு ஒன்று இங்கிலாந்தில் சட்டமாயிற்று. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அது நல்ல கருவியாக வாய்த்தது.

இந்தச் சட்டம் உயிரோடிருக்கும்போதே கார்ப்பெண்டர் பேனாவை எடுத்தார். பெண், திருமணம், பால் உணர்வு ஆகியவை பற்றிச் சிறு நூல்கள் எழுதினார். நான்காவதாகத் தன்பால் அன்பைப் பற்றி எழுதியதை, 1895 தொடக்கத்தில் மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகத்தில் அச்சிட்டு, விலைக்கு விடாமல் தெரிந்தவர்களுக்கு மட்டும் வழங்கினார். இந்த அன்பு நோயன்று. பழங்கிரேக்கம் முதலாகப் பல நாடுகளில் விளங்கிய இயல்பு என்பது அதன் கருத்து.

அந்த ஆண்டு ஏப்ரலில் இடி விழுந்தது. புகழ்பெற்ற நாடக ஆசிரியர் ஆஸ்கார் வைல்டு இதே சட்டத்தில் கைதானார். மே 25ஆம் நாள் அவருக்குக் கடுங்காவலோடு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நாடே அச்சத்தில் மூழ்கியது. கார்ப்பெண்டருடைய காதல் பற்றிய நூலை வெளியிட ஒப்பந்தம் செய்திருந்த லண்டன் பதிப்பாளர் பிஷர் அன்வின், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். தம் கடையிலிருந்த அவருடைய கவிதை நூலையும் வெளியே தள்ளினார்.

அந்த நேரத்தில் கார்ப்பெண்டர் என்ன செய்தார்? தம்மையும் சிறையில் தள்ளுங்கள் என்று முழங்கவில்லை. எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொல்லவில்லை. 1896இல் காதல் பருவம் எய்துதல் என்ற அந்த நூலைத் தொழிலாளர் அச்சகத்திலேயே வெளியிட்டார். தன்பால் அன்பு பற்றிய பகுதியை மட்டும் அதில் சேர்க்கவில்லை. பத்தாண்டு காத்திருந்தார். 1906ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பொருளைச் சேர்த்தார். 1908இல் இடைநிலைப் பால் என்று தனி நூலாகவே வெளியிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட இயல்புடையோர் இயற்கையின் பிழையல்லர். இரு பாலாரையும் புரிந்துகொள்ளவும் இணைக்கவும் வல்லவர் என்று அதில் வாதிட்டார். இன்றைய அறிவு தன்பால் ஈர்ப்பையும் திருநர் நிலையையும் வெவ்வேறாக அறிகிறது; அவர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினார். இந்தக் குறை இருப்பினும், யாரிடமும் கேட்க முடியாத ஆயிரம் கேள்விகளோடு இருந்த இளைஞர்களுக்கு அந்த நூல் விளக்காயிற்று.

மழை பெய்யும்போது விதைக்காமல், விதையை மட்டும் காப்பாற்றி வைத்துப் பருவம் பார்த்து விதைக்கும் உழவனைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை.

ஒரே கூரையின் கீழ்

கீழை நாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய 1891ஆம் ஆண்டில், இரயில் பயணம் ஒன்றில் ஜார்ஜ் மெரில் என்ற இளைஞரைச் சந்தித்தார். ஷெபீல்டின் ஏழைச் சேரியில் பிறந்து, கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தவர். பட்டமில்லை, பணமில்லை. பாட்டும் சிரிப்பும் நிறைந்த மனிதர். சந்திப்பு அன்பாயிற்று.

1898இல் மெரில் மில்தோர்ப் வீட்டுக்கே குடிவந்தார். வைல்டு சிறையிலிருந்து வெளிவந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. நண்பர்கள் பதறினார்கள், கடிதம் எழுதி எச்சரித்தார்கள். பெண் இல்லாத வீட்டில் இரண்டு ஆண்கள் எப்படிக் குடும்பம் நடத்துவது, ஊரார் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். கார்ப்பெண்டர் கேட்டுக்கொண்டார், முடிவை மாற்றவில்லை. மெரில் சமைத்தார், வீட்டைத் துலக்கினார், விருந்தினரை வரவேற்றார். ஊரார் சில நாள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போயிற்று.

எல்லாரும் பழகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1909இல் ஓ'பிரையன் என்பவர் கார்ப்பெண்டரைத் தாக்கித் துண்டு நூல் அச்சிட்டு அக்கம்பக்கத்தில் பரப்பினார். மற்றொன்றையும் மறக்கலாகாது. வெளியார் பார்வைக்கு மெரில் வேலைக்காரராகத் தோன்றினார். முதலாளி, பணியாள் என்ற அந்தத் தோற்றம் ஓரளவு கேடயமாக இருந்தது. கார்ப்பெண்டருக்குப் புகழும் நண்பர் படையும் உண்டு. ஏழை மெரிலுக்கு அவை இல்லை. ஆயினும் அதே வாசலில், அதே தோட்டத்தில், அவரும் நிமிர்ந்து நின்றார். வரலாறு எழுதுவோர் கார்ப்பெண்டரின் துணிவைப் புகழ்ந்து மெரிலின் துணிவை மறந்துவிடுவது முறையன்று.

1913இல் அந்த வீட்டுக்கு வந்த விருந்தினருள் ஒருவர் நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டர். இந்தியாவைப் பற்றிய நாவலால் நமக்கு அறிமுகமானவர். அவரும் ஆணை விரும்பிய ஆண். மறைவின்றி வாழும் இருவரைக் கண்ட அதிர்ச்சியில் மாரிஸ் என்ற நாவல் அவர் உள்ளத்தில் உருவெடுத்தது. ஆண்கள் இருவரின் காதல் இன்பமாக முடியும் கதை அது. எழுதி முடித்தார்; ஆனால் வெளியிடவில்லை. நண்பர் சிலருக்கு மட்டும் காட்டினார். 1970இல் பார்ஸ்டர் மறைந்தார். 1971இல்தான் நூல் அச்சேறியது. ஒருவர் வாழ்ந்து காட்டினார். மற்றவர் எழுதிப் பூட்டி வைத்தார். முன்னவரைப் போற்றுவதற்காகப் பின்னவரைத் தூற்ற வேண்டியதில்லை. அவரவர் சூழ்நிலையின் பாரத்தை அவரவரே அறிவர்.

இறுதிக் காலம்

1914இல் பால் உளவியலை ஆராய்வதற்கென்று இங்கிலாந்தில் அமைந்த சங்கத்துக்குக் கார்ப்பெண்டர் முதல் தலைவரானார். 1916இல் தம் வரலாற்றை நூலாக எழுதி, மெரிலோடு வாழும் வாழ்வை அதில் மூடாமல் சொன்னார். 1924இல் அவருக்கு எண்பது வயது நிறைந்தபோது, அப்போது ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி அமைச்சர்கள் அனைவரும் கையொப்பமிட்டு வாழ்த்துப் பத்திரம் அனுப்பினார்கள். அதே ஆண்டில் அருணாசலம் மறைந்தார். பழைய நண்பரின் கடிதங்களைத் தொகுத்து 1927இல் நூலாக வெளியிட்டு நட்புக்கடன் தீர்த்தார் கார்ப்பெண்டர்.

முதுமையில் இருவரும் தெற்கே கில்டுபோர்டு நகரில் குடியேறியிருந்தனர். 1928 ஜனவரியில் மெரில் இறந்தார். அந்த அடியிலிருந்து கார்ப்பெண்டர் மீளவில்லை; பக்கவாதம் கண்டது. 1929ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அவரும் மறைந்தார். மெரிலை அடக்கம் செய்த குழியிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் அன்றும் உயிரோடுதான் இருந்தது. அது இங்கிலாந்தில் தளர்ந்தது 1967இல். ஆங்கிலேயர் 1860இல் இந்தியாவுக்கு எழுதிவைத்த 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து, மனம் ஒத்து வாழும் வயது வந்தோரை நம் உச்சநீதிமன்றம் விடுவித்தது 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள்.

நமக்கு

சட்டம் மாறிவிட்டது, வீடு மாற இன்னும் நாளாகும். ஊரைவிட்டு, மொழி வேறான இந்நகரில் தங்கிப் படிக்கும் நம்முள்ளும், தன் இயல்பை யாரிடம் சொல்வது, சொன்னால் படிப்புக்குப் பணம் வருமா, அடுத்த விடுமுறைக்கு வீட்டுக் கதவு திறக்குமா என்று இரவில் விழித்திருக்கும் மாணவரோ மாணவியரோ இருக்கக்கூடும். அவர்களுக்குக் கார்ப்பெண்டரின் வாழ்வு ஓர் ஆறுதல். அவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. முதலில் தமக்கு, பின் நம்பத்தக்க ஒருவருக்கு, காலூன்றிய பின் நண்பர்களுக்கு, பருவம் கனிந்தபின் உலகத்துக்கு. முப்பது வயதில் எழுதிய கடிதத்துக்கும் எழுபத்திரண்டு வயதில் வெளியிட்ட வரலாற்றுக்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் கூறுகையில் தீங்கு விளையாமையை அளவுகோலாக வைத்தார். தனக்கே தீங்கு விளையும் இடத்தில் ஒருவன் காக்கும் மௌனம் பொய்யாகிவிடாது. சொல்லும் நாளையும் கேட்கும் ஆளையும் தேர்ந்தெடுக்கும் உரிமை சொல்பவருடையது. அவருக்காக வேறொருவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நம்பிக்கைத் துரோகம்.

கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கார்ப்பெண்டருக்குக் கடிதம் எழுத ஒரு விட்மன் இருந்தார். உள்ளம் ஒன்றிப் பழக ஓர் அருணாசலம் இருந்தார். நம் விடுதி அறைகளில் நடக்கும் கேலியை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் அமர்ந்திருப்பவர், இவரிடம் சொல்லலாமா என்று நம்மை எடைபோட்டுக்கொண்டிருக்கலாம். அந்த எடையில் நாம் குறையாமலிருப்போம். பெரியதாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. ஒருவர் நம்பி வந்து சொன்னால், முழுதும் கேட்போம்; வெளியே சொல்லாதிருப்போம்; மறுநாள் காலையிலும் வழக்கம்போல் அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவோம்.